பின்பக்க மடிப்பு

வாதம் வந்து தம்பித்துரைக்கு வலது பக்கம் விழுந்த பிறகு அந்த வீட்டில் பெரிய கரைச்சலாக இருந்தது அவருடைய உடுப்புத்தான். சோறு ஊட்டலாம், மருந்தைக் கரைத்துப் பருக்கலாம். ஆனால் காலையில் எழுப்பி, கழுவித் துடைத்து, அந்த உணர்வில்லாத காலுக்குள் ஒரு காற்சட்டையை ஏற்றி முடிப்பதற்குள் மனைவி தில்லைநாயகிக்கு மூச்சு வாங்கிவிடும். பாதி ஏற்றும்போதே அவருக்கு மறுபடி மூத்திரம் முட்டும். திரும்பவும் கழற்றவேண்டும்.

இடுப்பில் சாரம் கட்டிப் பார்த்தாள். ஊரிலும் இங்கே சுவிஸிலும் வீட்டில் சாரத்தோடே இருந்த மனிதர்தான். ஆனால் கட்டிலிலிருந்து சக்கரக் கதிரைக்கு மாற்ற அவரை அணைத்து நிமிர்த்தும் கணத்தில் சாரம் அவிழ்ந்து கணுக்காலில் விழுந்தது. குனிந்து எடுத்தால் ஆள் சரிந்தார். ஆளைப் பிடித்தால் சாரம் கிடந்தது. அப்படியொரு நாள் யன்னல் திறந்திருக்க, எதிர் மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த சுவிஸ்காரி ஒருத்தி பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்கத் தம்பித்துரை வாய் திறந்து சாப்பிடவில்லை.

அவருக்குச் சொற்கள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது ஒன்றே ஒன்று: ஓம். தேத்தண்ணி வேணுமோ என்றாலும் ஓம், வேண்டாமோ என்றாலும் ஓம். மற்றவர்கள் கதைப்பது முழுக்க அவருக்கு விளங்கும், வாயில் வருவதுதான் அந்த ஒரு சொல் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தமிழ்ப் பாடசாலை நிர்வாகத்தில் வருஷக்கணக்காக இருந்து, மேடை ஏறினால் பண்பாடு, ஒழுக்கம் என்று இறங்க மனமில்லாமல் பேசியவருக்கு அப்படி ஒரு நிலைமை.

பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் அவர்களுக்கு மூன்றாம் மாடியில் வீடு. முன்னறை யன்னலோரம் தில்லைநாயகியின் தையல் மெசின் இருந்தது. அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் பலருடைய சீலைச் சட்டைகளும் அதில் தைத்தவைதான். அதைப் பார்த்துத்தான், காலையில் அவரைப் பார்க்க வரும் தாதி ஃபிரவ் கெர்பர் அந்த யோசனையைச் சொன்னாள். அவளுடைய புருஷன் பாக்பைப் ஊதும் குழு ஒன்றில் இருந்தவன். ஒரு நாள் அவனுடைய பழைய கில்ட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தாள்.

"பாருங்கள், காலுக்குள் ஏற்றத் தேவையே இல்லை. கட்டிலில் விரித்து, ஆளை இந்தப் பக்கம் புரட்டி, சுற்றி, இடுப்பில் பூட்டினால் சரி. நின்றாலும் விழாது. நீங்கள் தைக்கிறவர்தானே?" என்று டொச்சில், ஜேர்மன் மொழியில், கேட்டாள்.

தில்லைநாயகி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுத்தும் பாவாடை. கனமான கம்பளி. முன்பக்கம் இரண்டு அகலத் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று மட்டமாகப் படிந்திருந்தன. பின்பக்கம் முழுக்க மடிப்பு, ஒரு மடிப்பின் கோடு அடுத்த மடிப்பின் கோட்டோடு மயிரிழை பிசகாமல் சேர்ந்திருந்தது. இடுப்பில் தோல்வாரும் பக்கிளும். தைத்தவன் நல்ல கைக்காரன் என்று நினைத்தாள்.

"கம்பளி வாங்கப் போகாதீர்கள், கொள்ளை விலை. அடிக்கடி தோய்க்கவும் ஏலாது. மலிவான பருத்தித் துணி போதும், மெத்தென்று இருக்கவேண்டும். பின்பக்க மடிப்பும் வேண்டாம். நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிற மனிதர்" என்றாள் தாதி.

"யா, யா" என்றாள் தில்லைநாயகி.

தம்பித்துரை கட்டிலில் கிடந்தபடி அந்தப் பாவாடையைப் பார்த்தார். இடது கையை நீட்டி அதைத் தள்ளினார். முகம் சிவந்தது. "ஓம்! ஓம்! ஓம்!" என்றார்.

தாதி சிரித்தாள். "என்ன சொல்கிறார்?"

அந்த 'ஓம்' எப்படிப்பட்டது என்று தில்லைநாயகிக்குத் தெரியும். அதே தொனியில் வாயை மூடு என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது.

"விருப்பமாம்" என்றாள்.

அடுத்த கிழமை சிவகலாவை வீட்டில் இருத்திவிட்டு பேர்ணுக்குத் துணி வாங்கப் போனாள். சிவகலா கீழ்மாடிக்காரி, இரக்கமுள்ள பெண். வெளியே வடகிழக்குக் காற்று காது மடலை அறுத்துக்கொண்டிருந்தது. தில்லைநாயகி கறுப்புக் காற்சட்டை போட்டிருந்தாள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவள் தனக்கென்று முதல் வாங்கிய சாமான் அதுதான்.

அதற்கு முன்னும் ஒரு காற்சட்டை இருந்தது. மகள் யாதவி சின்னப்பிள்ளையாக இருந்த காலம். அவளுக்கு விடியமுன் போய் அலுவலகக் கந்தோர்கள் துடைக்கிற வேலை. பனி முழங்காலளவுக்குக் கொட்டிய ஒரு தை மாதத்தில், பழைய சாமான் கடையில் தடித்த காற்சட்டை ஒன்று எடுத்துவந்து வேலைக்குப் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்றார். "சுவிஸுக்கு வந்தவுடனை நீ ஆம்பிளையாகிட்டியோ?" என்று கேட்டார். அவளைக் கழற்றச் சொல்லி, அவளுடைய துணி வெட்டுகிற கத்தரிக்கோலாலேயே அதைத் துண்டு துண்டாக வெட்டினார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தது. அந்தக் குளிர் மாரி முழுக்க அவள் பாவாடையோடு பஸ் தரிப்பில் நின்றாள். கால்விரல்கள் நீலம் பாரித்து வெடித்தன. வெடித்த விரலை அவரிடம் காட்டியபோது, "பொம்பிளை எண்டால் கொஞ்சம் பொறுக்கவேணும்" என்றார்.

துணிக்கடைக்காரி வயதான பெண், கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டி நெஞ்சில் தொங்கவிட்டிருந்தாள். கில்ட் என்றதும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. முதலில் அசல் கம்பளியை எடுத்துக் காட்டினாள். விலையைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.

"யாருக்கு?"

"மான். கிராங்க்" என்றாள் தில்லைநாயகி. புருஷனுக்கு, சுகமில்லை. "றோல்ஸ்டூல்." கையால் சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினாள்.

கடைக்காரியின் முகம் இளகியது. உள்ளே போய் ஒரு பிளனல் உருளையைத் தூக்கி வந்தாள். பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட பருத்தி. குழந்தையின் கன்னம்போல இருந்தது. உருளை முடியப்போகிறது, இரண்டாம் தரமும் விலை குறைத்தாயிற்று, வேண்டிய அளவு எடுங்கள் என்றாள்.

தில்லைநாயகி அதைத் தன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் உரசிப் பார்த்தாள். கைக்குழந்தைச் சட்டைக்குத் துணி எடுக்கும்போது அவள் பார்க்கும் முறை அது. ஒன்றும் உறுத்தவில்லை. வேறு இடம் தேடத் தேவையில்லை. அளந்து வெட்டச் சொல்லவேண்டியதுதான்.

அப்போதுதான் மேசைக்குக் கீழே சாத்தி வைத்திருந்த இன்னொரு உருளை கண்ணில் பட்டது. சிவப்பில் மஞ்சளும் கறுப்புமாகப் பெரிய கட்டம். இழுத்து எடுத்தாள். கதிரைக்கும் சோபாவுக்கும் உறை போடுகிற செயற்கைத் துணி, பின்புறம் பசை பூசியது, மடித்தால் அட்டைபோல நின்றது. அதையும் மணிக்கட்டில் உரசினாள். தோலில் செம்மை படர்ந்தது. அவள் அந்தச் செம்மையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது உடுப்புக்கு இல்லை. கதிரைக்கு. பிளனலை விட விலையும் கூட" என்றாள் கடைக்காரி.

"இது உறுதி" என்றாள் தில்லைநாயகி. "இதை வெட்டுங்கள்."

கடைக்காரி இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு, வாங்குகிறவளின் விருப்பம் என்று கத்தரிக்கோலை எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் சிவகலா துணியைத் தொட்டுப் பார்த்து, "சரியான முரடாக் கிடக்குதக்கா" என்றாள்.

"என்ன செய்யிறது பிள்ளை, எங்கடை கைக்குக் கட்டுப்படியானது இதுதான்."

"பாவம் நீங்கள்" என்றாள் சிவகலா.

அதைத் தைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சீலைச் சட்டைக்குப் போடும் ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. ஜீன்ஸ் தைக்கும் ஊசி வாங்கிப் போட்டாள். முன்பக்கம் மட்டமாக வந்துவிட்டது. பின்பக்கத்துக்கு வந்தபோது மெசினை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்தாள். மடிப்பு வேண்டாம் என்று தாதி சொன்னது நினைவிருந்தது. சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். ஆள் இருக்கிற இடத்தில் துணி மடிந்து கிடந்தால் தோலை என்ன செய்யும் என்று தையல்காரிக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

திரும்பி வந்து மடிப்பு வைத்தாள். விரற்கடை அகலத்தில், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்க, இடுப்பிலிருந்து தொடை வரை. ஒவ்வொரு மடிப்பின் விளிம்பையும் ஈரத்துணி போட்டு அயன்பெட்டியால் அழுத்தினாள். சிவப்புக் கோடு சிவப்புக் கோட்டோடும் கறுப்பு கறுப்போடும் சேர்ந்து வந்தன. அவ்வளவு கவனமாக அவள் ஒரு கல்யாணச் சட்டைகூடத் தைத்ததில்லை.

தாதி பார்த்தபோது கில்ட் கதிரையில் மடித்துக் கிடந்தது, முன்பக்கம் மேலே. "என்ன அழகு!" என்று கைதட்டினாள். அது அவள் கடைசியாக வந்த நாள். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போனவள் மாரி முடியும் வரை வரவில்லை. மாற்றுக்கு வந்தவர்கள் நாளுக்கொருத்தர். எல்லாருக்கும் அவசரம். "கழுவி உடுத்துவதை நான் பார்க்கிறேன், நீங்கள் மருந்தையும் பிரஷரையும் பாருங்கள்" என்று தில்லைநாயகி சொன்னபோது, அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

உடுத்துவது உண்மையிலேயே இலகுவாக இருந்தது. விரித்து, புரட்டி, சுற்றி, பூட்டு. அவர் நின்றாலும் விழவில்லை. கதிரையில் இருத்தியதும் தம்பித்துரை நெளிந்தார். இடது கையைக் கதிரையில் ஊன்றி உடம்பைக் கிளப்பப் பார்த்தார். கிளம்பவில்லை.

"ஓம்" என்றார்.

தில்லைநாயகி எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு இருந்தாள். "நோகுதோ?"

"ஓம்."

"சரியா நோகுதோ?"

"ஓம். ஓம்." கண்ணில் நீர் வந்தது.

"பொம்பிளை மாதிரி அழாதேங்கோ" என்றாள். பிறகு எழுந்து போய் அவருக்கு மிளகு போட்டு ரசம் வைத்தாள், காய்ச்சல் பிடித்துவிடக்கூடாது என்று. சால்வையைத் தோளில் போர்த்திவிட்டாள். அதில் கள்ளம் எதுவும் இல்லை. அவருக்கு ரசம் வைத்த கைதான் அவரை அந்த மடிப்பின்மேல் இருத்தியது.

பொங்கலுக்குக் கோயில் மண்டபத்தில் கூட்டம். இத்தனை நாளும் அவரை வெளியே காட்டாமல் இருந்தவள், அன்று தலைக்கு நல்லெண்ணெய் வைத்து வாரி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, சிவப்புக் கட்டக் கில்ட்டை உடுத்தித் தள்ளிக்கொண்டு போனாள். மண்டபத்தில் சக்கரைப்பொங்கல் வாசமும் ஈரமான குளிர்க்கோட்டு மணமும் கலந்து கிடந்தன. பேச்சு நின்றது. பாடசாலை நிர்வாகத்தில் அவருக்குப் பயந்து நடந்த ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

இராஜேந்திரன் கிட்ட வந்தார். பாடசாலைக் கணக்கு வழக்கில் ஒருகாலம் இவரோடு சண்டை போட்டவர். "அண்ணை, என்ன இது, ஸ்கொட்லாந்து ராசா மாதிரி? புது உடுப்பு வசதியா இருக்கோ?"

"ஓம்" என்றார் தம்பித்துரை.

"பிடிச்சிருக்கோ?"

"ஓம்."

சிரிப்பு இந்த முறை அடங்கவில்லை. ஒரு பெடிச்சி கைபேசியால் படம் எடுத்தாள். தம்பித்துரையின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. வாதம் வந்த ஆட்கள் காரணமில்லாமல் அழுவார்கள்தானே என்று பெண்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். அவர்களில் ஒருத்தியான பரமேஸ்வரி தில்லைநாயகியின் கையைப் பிடித்து, "நீங்கள் தெய்வமக்கா. இந்தக் காலத்திலை ஆர் உப்பிடிப் பாப்பினம்? கையாலை தைச்சுமெல்லோ போட்டிருக்கிறீங்கள்" என்றாள்.

தில்லைநாயகி அந்தக் கையை மெல்ல விடுவித்து, அவருடைய வாயோரத்தில் ஒட்டியிருந்த பொங்கலைத் துடைத்துவிட்டாள். உள்ளுக்குள் இவ்வளவு நிம்மதியாக அவள் ஒரு பொங்கலிலும் இருந்ததில்லை.

தோல் முதலில் சிவந்தது. மடிப்பின் கோடுகள் அப்படியே அச்சாக விழுந்திருந்தன. அவள் பார்த்தாள். களிம்பு பூசினாள். மறுநாளும் அதையே உடுத்தினாள். பிறகு ஊதா நிறமானது. பிறகு ஓர் இடத்தில் தோல் கழன்றது. அப்போது பயந்துபோய் இரண்டு நாள் கட்டிலிலேயே கிடத்தி, சாரத்தால் போர்த்திவைத்தாள். மூன்றாம் நாள் அவர் தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் தட்டி அவள் மடியில் ஊற்றினார். தெரியாமல் தட்டுப்பட்டதோ, வேண்டுமென்று செய்ததோ, கேட்டால் ஓம் என்றுதான் வரும். அவள் சுட்ட தொடையைக் குளிர்தண்ணியால் கழுவிவிட்டு வந்து, கில்ட்டை எடுத்து விரித்தாள்.

பனி உருகத் தொடங்கியபோது ஃபிரவ் கெர்பர் ஊன்றுகோலோடு வந்தாள். அறைக்குள் நுழைந்ததுமே மூக்கைச் சுளித்தாள். அவரைப் புரட்டினாள். புண்ணுக்குள் எலும்பு தெரிந்தது.

"மடிப்பு வைத்தீர்களா?" என்று கேட்டாள்.

"கில்ட்தானே. நீங்கள் காட்டினதிலும் மடிப்பு இருந்தது" என்றாள் தில்லைநாயகி.

தாதி கட்டில் ஓரத்தில் இருந்துவிட்டாள். "என் பிழை. உங்களுக்கு டொச் சரியாக விளங்காது என்று நான் நினைத்திருக்கவேண்டும். அதை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே நான்தான்" என்றவளுக்குக் குரல் உடைந்தது. தில்லைநாயகி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். கெட்ட தசையை வெட்டி எடுத்தார்கள். மே மாதம் வீட்டுக்கு விடும்போது வின்டர்தூரிலிருந்து மகள் யாதவி வந்தாள். பல் வைத்தியரிடம் வேலை செய்கிறவள். பிருந்தனைக் கல்யாணம் முடித்து, வயிற்றில் ஐந்து மாதம். இனி மெத்தென்ற பருத்தியைத் தவிர வேறு எதுவும் அவர் தோலில் படக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததால், தாயைக் கூட்டிக்கொண்டு துணிக்கடைக்குப் போனாள். வேறு கடைக்குப் போவோம் என்று தில்லைநாயகி சொன்னாள். இதுதான் கிட்ட என்று மகள் கதவைத் தள்ளிவிட்டாள்.

கடைக்காரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தில்லைநாயகியைப் பார்த்தாள். "ஓ, கில்ட் அம்மா! கணவர் எப்படி?" பிளனல் வேண்டும் என்று யாதவி சொன்னதும், சுவிஸ் டொச்சில் அவளிடம் படபடவென்று சொன்னாள். "அன்றைக்கே சொன்னேன். பிளனலை எடுங்கள், விலையும் குறைவு என்று. உங்கள் அம்மா கேட்கவில்லை. கூடக் காசு கொடுத்து அந்தக் கதிரைத் துணியைத்தான் வாங்கினார். நான் இரண்டு தரம் சொன்னேன்."

யாதவி பிளனல் துணியை வாங்கினாள். பஸ்ஸில் தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். சிவகலா கதவைத் திறந்துவிட்டு, அண்ணை குழப்படி இல்லாமல் இருந்தார் என்று சொல்லிக் கீழே போனாள்.

குசினிக் கதவு திறந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் முன்னறையில் தம்பித்துரை சக்கரக் கதிரையில், காற்றடைத்த மெத்தைமேல் சாய்ந்திருப்பது தெரியும்.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமோ அது முரட்டுத் துணியெண்டு?"

"தெரியும்."

"மடிப்பு?"

"அதுவும்."

யாதவி மேசையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. தில்லைநாயகி அவளுக்குப் பால்தேத்தண்ணி வைத்தாள்.

"அவரை என்னட்டை விடப் பயமெண்டால் நீ கொண்டுபோ பிள்ளை" என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. "உன்ரை அப்பா. நான் மறிக்கேல்லை. இண்டைக்கே வேணுமெண்டாலும் கொண்டுபோ. இல்லாட்டில் ஃபிரவ் கெர்பருக்கு போன் அடிச்சுச் சொல்லு. நான் இல்லையெண்டு சொல்லமாட்டன்."

முன்னறையில் கதிரை கிறீச்சிட்டது. தம்பித்துரை இடது கையால் சக்கரத்தைப் பிடித்துக் குசினிப் பக்கம் திரும்பியிருந்தார். "ஓம்" என்றார். "ஓம். ஓம். ஓம்." யாதவி அந்தக் கண்களைப் பார்த்தாள். அவர் இடது கையை அவளிடம் நீட்டினார்.

அவள் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.

"எனக்கு ஒக்டோபரிலை பிள்ளை பிறந்திடும். வீடும் சின்னன். பிருந்தனுக்கும் சரிவராது" என்றாள். பிறகு, "சொன்னால் பொலிஸ் அது இதெண்டு வரும். ஊரெல்லாம் கதைக்கும். நான் சின்னனிலை பாத்ததெல்லாம் மறக்கேல்லை அம்மா. ஆனால் இனி உப்பிடிச் செய்யாதேங்கோ. ஆரும் கேட்டால், கடையிலை அதுதான் மலிவெண்டு சொல்லுங்கோ."

"அப்பிடித்தான் சொன்னனான்."

யாதவி பையை எடுத்தாள். முன்னறைக்குப் போய்த் தகப்பனின் நெற்றியில் முத்தமிட்டாள். அவருடைய இடது கை அவளுடைய சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டியிருந்தது. "போட்டு வாறன் அப்பா. அம்மா நல்லாப் பாப்பா" என்றாள். ரயிலுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. இருந்தும் போய்விட்டாள்.

கதவு சாத்திய சத்தத்தோடு தம்பித்துரை அடங்கிப்போனார். கழுத்து தொங்கிவிட்டது. தில்லைநாயகி குசினிக்குப் போனாள். தமிழ்க் கடையிலிருந்து கொண்டுவந்த உறைந்த சூடைமீன் கரைந்து கிடந்தது. அவருக்கு விருப்பமான மீன். மாங்காய் போட்டுத் தேங்காய்ப்பாலில் வைத்தாள். சோற்றில் குழம்பை விட்டு மீனை உதிர்த்துப் பிசைந்து, கோப்பையோடு அவருக்கு முன்னால் வந்து இருந்தாள். சூடையில் முள் அதிகம். நாக்கால் முள்ளைத் தள்ள ஏலாத வாய் அவருடையது. அது இருவருக்கும் தெரியும்.

"ஆவெண்ணுங்கோ."

அவர் கோப்பையைப் பார்த்தார். அவளுடைய கையைப் பார்த்தார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். உடம்பு நடுங்கியது. அவர் தன்னைப் பார்த்து நடுங்குவதை அவள் முதல்முதலாகப் பார்த்தாள். அவள் ஆசைப்பட்ட காட்சிதான். ஆனால் உருண்டையைப் பிடித்திருந்த கை கனத்தது. அதை அவருடைய உதட்டுக்குக் கிட்டவே பிடித்துக்கொண்டு இருந்தாள். குழம்பு விரலிடுக்கால் வடிந்தது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. சோறு ஆறிப்போனது.

கடைசியில் பசி வென்றதோ, அவர்தான் தோற்றாரோ, கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் வாயைத் திறந்தார்.

அவள் ஒரு முள்கூட இல்லாமல், மூன்று தரம் தடவிப் பார்த்துத்தான் பிசைந்திருந்தாள். அவருக்கு அது தெரிய வழியில்லை.